பிறந்த வீட்டு மணல்

மதுரையில் உட்கார்ந்துகொண்டு கடற்கரைக்கு வரைபடம் போட்டவன் நான். இதைச் சொன்னால் ஆனையூரில் எங்கள் தெருவே சிரிக்கும். "வைகையே கடல எட்டிப் பாக்க மாட்டேங்குது, நீ என்னத்த மாப்ள கடலுக்கு பிளான் போட்ட?" என்று எதிர்வீட்டு மாயாண்டி டீக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்பான். கேட்கட்டும். எங்கள் துறையின் மண்டல அலுவலகம் மதுரையில் இருந்தது. கிழக்கே கடற்கரை வரைக்கும் உள்ள ஆறு, கண்மாய், கால்வாய், முகத்துவாரம், கடலரிப்புத் தடுப்பு எல்லாமே அந்த அலுவலகத்துக்குக் கீழேதான் வந்தன. கடல் மட்டும் ஜீப்பில் மூன்று மணி நேரம் தள்ளி இருந்தது.

நான் ஓய்வுபெற்ற வரைதொழில் அலுவலர். பொறியாளர்கள் யோசிப்பதைத் தாளில் கோடாக இழுப்பது என் வேலை. போன மாதம் அலுவலகத்திலிருந்து செல்வம் போன் செய்தான். உதவிப் பொறியாளர், நல்ல பிள்ளை, ஆனால் அவசரக்காரன். ட்ரோன் வந்திருக்கிறதாம். நாங்கள் மாதக்கணக்கில் வெயிலில் வெந்து அளந்த கரையை அது காலை டிபனுக்குள் படம் பிடித்துக் கொடுத்துவிட்டதாம்.

"அண்ணே, படம் ரொம்ப நீளமா வந்துருச்சு. ஷீட்டுக்குள்ள அடங்க மாட்டேங்குது. நம்ம கோட்டம் முடியிற எடத்துல வெட்டிரவா?"

"வெட்டுனேன்னு வையி, நேர்ல வந்து ஒன் கைய ஒடிச்சுருவேன்" என்றேன்.

பாவம், ஆடிப்போய்விட்டான். "என்னண்ணே, இதுக்குப் போயி இம்புட்டுக் கோவம்?" என்றான். கோபம் அவன்மேல் இல்லை. அதே இடத்தில் ஒரு தடவை வெட்டியவன் நான். விஷயத்தைச் சொன்னதும், "இத எழுதிக் குடுங்கண்ணே, புதுசா வந்த பிள்ளைக படிக்கட்டும்" என்று பிடித்துக்கொண்டான். அதனால்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், மற்றதெல்லாம் நடந்தபடிதான்.

எனக்குச் சொந்த ஊர் எழுமலைப் பக்கம். மானாவாரிக் காடு, மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்து வசவு. வரைதொழில் படித்து வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கடலையே பார்த்தேன். அந்தக் காலத்தில் டிரேசிங் தாளில் மையால் கோடு இழுக்க வேண்டும். தப்பினால் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டியது தெரியாமல் சுரண்டப் படிப்பதற்கே எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதன்பிறகு கை பழகிவிட்டது, கூடவே கொஞ்சம் திமிரும் வந்துவிட்டது. தவமணி போட்ட படத்தில் குறை கண்டுபிடிக்க ஆள் பிறக்கவில்லை என்று நானே சொல்லித் திரிந்தேன்.

பூங்கோதை மேடம் எங்களுக்குக் கண்காணிப்புப் பொறியாளராக வந்தபோது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கடற்கரையைப் பங்கிட்டுக்கொண்ட நாலு கோட்டங்களுக்கு, அதாவது துறைப் பிரிவுகளுக்கு, மேலதிகாரி. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். வாடிப்பட்டிக்காரர், கால்வாய்ப் பாசனத்து விவசாய வீடு. "பொம்பள ஆபீசரு, அதுவும் நமக்குச் சின்ன வயசு, வெளங்குனாப்லதான்" என்று கேண்டீனில் நான் பேசியதை இப்போது வெட்கத்தோடு எழுதுகிறேன். ஒரே மாதத்தில் அந்த வாயை மூடவைத்தார்.

சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். படத்தில் தப்பு இருந்தால் சுழிக்க மாட்டார், பக்கத்தில் எழுத மாட்டார். தப்பு இருக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார், அதுவும் கண்ணாடி போட்டுத் தேடினால்தான் தெரியும். "பாருங்க சார்" என்று திருப்பிக் கொடுப்பார். என்ன தப்பு என்பதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துத் திருத்திக் கொண்டுபோனால் ரப்பரை எடுத்துப் புள்ளியை அவரே அழிப்பார். அழித்த தூசியை ஊதிவிட்டு, "இப்ப சரி" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் மதியச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்த நாள்கள் உண்டு.

கரையை அளக்கும் முறை அதற்கு மேல். முதலில் எங்கள் கோட்டத்துக் கடலோரத்தில் ஊருக்கு ஊர் ஓர் அளவுக்கல் நட்டுவைத்தோம். மாதாமாதம் பௌர்ணமிக்கு மறுநாள், காலையில் அதே நேரத்துக்கு, அந்தக் கல்லிலிருந்து தண்ணீர் விளிம்பு வரைக்கும் டேப் பிடிக்க வேண்டும். நேரம் தப்பினால் அளவு செல்லாது, அடுத்த மாதம்தான். ஒருமுறை ஜீப் டயர் வெடித்து அரை மணி நேரம் தாமதமாகப் போனோம். "இம்புட்டுத் தூரம் வந்துட்டோமே மேடம், ஒரு அளவு எடுத்துப் போட்டுரலாமே" என்றேன். "போடலாம் சார். பொய்யா இருக்கும்" என்றார். அவ்வளவுதான், திரும்பிவிட்டோம். ஒவ்வொரு கல்லுக்குப் பக்கத்திலும் ஒரு கை மணலை அள்ளிக் காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டு, ஊரும் தேதியும் எழுதி மதுரைக்குக் கொண்டுவருவோம். எங்கள் அலுவலக ஜன்னல் விளிம்பு முழுக்க மணல் பாட்டில். பெருக்க வருகிற அம்மா, "ஊரு ஒலகத்துல ஆபீசுல ஃபைல் இருக்கும், இங்க மண்ணுதான் இருக்கு" என்று தினமும் திட்டுவார்.

இனி அந்தக் கதைக்கு வருகிறேன்.

மேடம் வருவதற்கு முன்பே நடந்த வேலை அது. சிப்பிவலசை என்று ஒரு மீனவர் ஊர். ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, படகு உள்ளே வர முடியாமல் கவிழ்ந்து ஆள் சேதம்கூட ஆகியிருந்தது. தூண்டில் வளைவு வேண்டும் என்று கேட்டார்கள். தூண்டில் முள் மாதிரி கடலுக்குள் வளைந்து போகிற கல் அணை அது. வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிற மணலை அது மறித்துக்கொள்ளும், முகத்துவாரம் தூராது. படம் போட்டது நான்தான். கல் கொட்டி முடித்து முதல் படகு தடையில்லாமல் உள்ளே வந்த அன்று ஊரே கொண்டாடியது. எனக்கு இரண்டு பெரிய சீலா மீன் கொடுத்து அனுப்பினார்கள். ஜீப்பில் மதுரை வரைக்கும் பெருமையும் நாற்றமுமாக வந்து சேர்ந்தேன்.

இரண்டு மூன்று வாடைக்காலம் போயிற்று. சிப்பிவலசைக்கு வடக்கே இருக்கிற புன்னைத்துறையிலிருந்து மனுமேல் மனு வந்தது. கடல் ஊருக்குள் வருகிறது, வீடு போகிறது என்று. மேடம் அந்த மனுக் கட்டை வைத்துக்கொண்டு தூண்டில் வளைவின் பழைய வரைபடத்தைக் கேட்டார். கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தது. வடக்கு ஓரத்தில், படத்தின் பெயரும் அளவும் குறியீடுகளும் எழுதுகிற கட்டம் இருக்கிறதே, அதன் நடுவில் ஒரு புள்ளி.

ஒரு நாள் பூராவும் பார்த்தேன். அளவு சரி. எழுத்து சரி. திசை காட்டும் அம்புக்குறிகூடச் சரி. மறுநாள் போய் நின்றேன்.

"மேடம், தப்பு ஒண்ணும் தெரியலயே."

"இந்தக் கட்டத்துக்கு அடியில என்ன சார் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல மேடம். நம்ம கோட்டத்து எல்லை அதோட முடியுது. அங்குட்டு அடுத்த கோட்டம். சும்மா கெடந்த எடம், அதான் கட்டத்த அங்க போட்டேன்."

மேடம் தாலுகா வரைபடத்தை எடுத்து என் படத்தின் மேல் வைத்து, இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். என் கட்டத்துக்குள் ஒரு ஊர் தெரிந்தது. மாதா கோயில், கிணறு, மூன்று வரிசை வீடு. புன்னைத்துறை. அந்த ஊருக்கு மேலேதான் அழகான எழுத்தில் 'வரைந்தவர்: தவமணி' என்று நான் எழுதியிருந்தேன்.

எங்கள் பழக்கம் அப்படி. எந்தக் கோட்டத்துக்குப் படமோ அந்தக் கோட்டத்து எல்லையோடு தாள் முடிந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் வெள்ளைத்தாள். வெள்ளையாகக் கிடக்கிற இடத்தில் கட்டம் போட்டால் படம் பார்க்க லட்சணமாக இருக்கும். அப்படித்தான் எனக்குச் சொல்லித்தந்தார்கள், நானும் பத்துப் பேருக்குச் சொல்லித்தந்தேன். மணல் தெற்கே நின்றுபோனால் வடக்கே கரைக்குப் பசி எடுக்கும், கடல் அரிக்கும் என்று அந்தத் தாளைப் பார்க்கிற யாருக்கும் தோன்ற வழியே இல்லை. வடக்கே ஊரே இல்லையே!

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "அஞ்சு ஆபீசர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அஞ்சு பேரும் பாக்கல. உங்க ஒருத்தர் தலையில போட முடியாது" என்றார். பிறகு, "எங்க ஊருல மேல்மடைக்காரன் வாய்க்கால மறிச்சா, கீழ்மடைக்காரன் மம்பட்டியத் தூக்கிட்டு வந்துருவான் சார். இங்க கீழ்மடைக்காரன் மனு எழுதிக்கிட்டு இருக்கான். நாளைக்குக் காலைல கெளம்புவோம்" என்றார்.

மறுநாள் புன்னைத்துறைக்குப் போய் இறங்கினோம். மூன்று வரிசையில் முதல் வரிசை வீடே இல்லை. இரண்டாவது வரிசையில் குட்டிச்சுவர்கள். ஊர்க் கிணறு, அதன் உறை மட்டும், அலைக்குள் தனியாக நின்றுகொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் கடலுக்கு மிக அருகே இருந்தது அந்தோணியம்மாள் வீடு. கணவர் இல்லை, மகன் கடலுக்குப் போகிறார், மருமகள் நிறைமாதம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் கையில் இருந்த வாளியை டங்கென்று வைத்தார்.

"படம் போட வந்தீகளாக்கும்? போடுங்க, போடுங்க. போட்டுப் போட்டு, எங்க ஊரு படத்துல மட்டும்தான் இருக்கப்போகுது."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தப் படத்தப் போட்டவன் நான்தாம்மா" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. சொல்லாமல் அங்கே நிற்க முடியவில்லை.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா ராசா? அப்ப நீயே ஒரு வாடைக்கு இந்த வீட்டுல வந்து குடியிரு. அடுப்படிக்குள்ள அல வந்து மோதும். ஒம் பொண்டாட்டி புள்ளையவும் கூட்டிட்டு வா" என்றார். நன்றாக வேண்டும் எனக்கு.

அதற்குள் ஊர் கூடிவிட்டது. சிப்பிவலசைக்குப் போட்டது போலத் தங்களுக்கும் கல் போடச் சொன்னார்கள். வேறு எந்த அதிகாரியாக இருந்தாலும் 'ஆவன செய்கிறோம்' என்று ஜீப்பில் ஏறியிருப்பார். மேடம் ஏறவில்லை. "கல்லு போட்டா உங்க வீடு நிக்கும். உங்களுக்கு வடக்க இருக்குற ஊரு போயிரும். அப்புறம் அவுகளுக்குக் கல்லு, அதுக்கும் வடக்க உள்ளவுக அழுவாக. நான் கல்லு போட மாட்டேன். மணல் போடுறேன்" என்றார்.

"அவுகளுக்குக் கல்லு, எங்களுக்கு மண்ணா?" என்று ஒருவர் கத்தினார். ஜீப்பை மறித்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் வெயிலில் நின்று, கேட்டவருக்கெல்லாம் ஒரே பதிலைச் சொன்னார் மேடம். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கடைசியில் களைத்துப்போய் அவர்களே வழிவிட்டார்கள். ஒப்புக்கொள்ளவில்லை, வழிதான் விட்டார்கள்.

மதுரைக்கு வந்ததும் மேடம் கேட்டது ஒரே ஒரு படம். நாலு கோட்டத்துக் கடற்கரையும் வெட்டாமல், ஒரே தாளில். அவ்வளவு பெரிய தாளுக்கு எங்கே போவது? ரோல் ரோலாக ஒட்டினேன். மேசையில் விரிக்க முடியாது. மாடி வராந்தாவில் விரித்தோம். மேடம் உட்பட எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு, முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து வேலை பார்த்தோம். எந்த ஆற்றிலிருந்து எப்போது மணல் இறங்கும், எந்தத் தடுப்பணையில் எவ்வளவு தங்கும், தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றில் எந்தப் பக்கம் போகும், வாடையில் எவ்வளவு திரும்பும் என்று பாட்டில் மணலையும் மாதாந்திர அளவையும், மற்றக் கோட்டங்களிலும் கல் நட்டு எடுத்த அளவையும் வைத்து ஊர் ஊராகக் குறித்தோம். நாலு கோட்டத்துச் செயற்பொறியாளர்களையும் வரவழைத்து வராந்தாவில் நடக்கவிட்டார். எந்தக் கோட்டத்தில் யார் கல் போட நினைத்தாலும் இந்த நீளத் தாளின் முன்னால் நாலு பேரும் நின்று பேசிவிட்டுத்தான் போட வேண்டும் என்று விதி. அவ்வளவுதான் மேடம் போட்ட மண்டலத் திட்டம். சொல்லும்போது சின்ன விஷயம். அதுவரை யாரும் செய்ததில்லை.

புன்னைத்துறைக்கு அதில் மேடம் எழுதியது இது: தூண்டில் வளைவுக்குத் தெற்கே சிப்பிவலசையில் சேர்ந்து நிற்கும் மணலை அள்ளி, வாடைக்கு முன்பாக, ஆண்டுதோறும் புன்னைத்துறைக் கரையில் போட வேண்டும். வளைவு மறிக்கிற மணலைக் கையால் தாண்டிக் கொடுப்பது, வேறொன்றும் இல்லை.

இப்போது சிப்பிவலசை எழுந்து நின்றது. ஊர்த்தலைவர் சந்தியாகு தங்கமான மனிதர், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். "எங்க கரை மணலு. ஒரு கூடை அள்ள விடமாட்டோம்" என்றார். அவர்களையும் குறைசொல்ல முடியாது. அந்த மணல்மேல்தான் படகை ஏற்றுகிறார்கள், கருவாடு காயவைக்கிறார்கள். கடல் தந்ததை யாருக்கு ஏன் தர வேண்டும் என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டம். மேடம் எங்கள் மாதாந்திர அளவுகளை எல்லாம் காட்டினார். மணல் வளைவின் நுனியை நெருங்கிவிட்டது, இன்னும் சில வருஷத்தில் நுனியைச் சுற்றிக்கொண்டு போய் உங்கள் முகத்துவாரத்தையே அடைக்கும், அள்ளினால் உங்களுக்கும் நல்லது என்றார். சந்தியாகு தலையை ஆட்டினார். "அடைக்கும்போது பாத்துக்கிருவோம்மா" என்றார்.

வாடை தொடங்கும் ஐப்பசி பிறக்க ஒரு மாதம்கூட இல்லை. மேடம் தாள்களைச் சுருட்டத் தொடங்கினார். அவர் முகம் அவ்வளவு வாடி நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் அந்தோணியம்மாள் உள்ளே வந்தார். பஸ்ஸில் வந்திருக்கிறார். ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் நேரே சந்தியாகு முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, நல்லாருக்கீகளா?"

எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அந்த அம்மாள் பிறந்தது சிப்பிவலசையில். சந்தியாகுவின் கூடப்பிறந்த தங்கை.

"ஊருப் பேச்சு நடக்குது ஆத்தா. நீ வீட்டுக்குப் போ, வாரேன்" என்றார் அவர்.

"நானும் ஊருப் பேச்சுதாண்ணே பேச வந்துருக்கேன். புன்னைத்துறையில பாதிப் பொம்பளைக இந்த ஊருல பொறந்தவுகதான். என்னையக் கட்டிக் குடுத்தப்ப அண்டா குண்டானோட அனுப்புனீக. புள்ள பெத்தேன், காப்பு வந்துச்சு. எம் மகனுக்குக் கல்யாணம், தாய்மாமன் சீர் தாம்பாளம் தாம்பாளமா வந்துச்சு. கிறிஸ்மசுக்குச் சேல வராத வருசம் இல்ல. மீனே படாத வருசம்கூட வந்துச்சு. நான் ஒருநாளும் வாயத் தொறந்து கேட்டது இல்ல. இன்னைக்குக் கேக்குறேன். குடியிருக்க மண்ணு வேணும்ணே. பொறந்த வீட்டு மண்ணு. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க, நான் போறேன்."

பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் புன்னைத்துறையில் ஒரு தங்கையோ மகளோ அத்தையோ இருந்திருக்க வேண்டும். சந்தியாகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மேடத்தைப் பார்த்து, "எத்தன லோடும்மா வேணும்?" என்றார்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவில்லை.

திரும்பும் வழியில் மேடம் சுருட்டிய தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம், "எந்த ஊருப் பொண்ண எந்த ஊருல கட்டிக் குடுத்திருக்காங்கன்னு ஒரு ஷீட் போட்டிருக்கணும் சார் நாம" என்றார். விளையாட்டாகச் சொன்னார் என்று நினைத்தேன். மறுநாள் நிஜமாகவே கேட்டார். நீளத் தாளின் ஓரத்தில் ஊருக்கு ஊர் பென்சில் கோடு இழுத்து அதையும் குறித்தேன். பார்த்துவிட்டுப் புள்ளி எதுவும் வைக்கவில்லை.

தலைமை அலுவலகத்தில் வேறு கூத்து. திட்டத்தில் 'ஆண்டுதோறும்' என்ற வார்த்தையை அடித்துவிட்டு 'ஒருமுறை' என்று மாற்றச் சொன்னார்கள். மேடம் மறுத்தார். "ஒரு தடவை போட்டா ஒரு வாடையில போயிரும். அப்புறம் மணல் நிக்கலைன்னு சொல்லி நீங்களே கல்லக் கொட்டுவீங்க. அந்த வார்த்தை இல்லாட்டி எனக்குக் கையெழுத்து இல்லை" என்றார். இதற்காக அந்த மாதத்திலேயே மூன்று முறை சென்னைக்கு அலைந்தார். மூன்றாவது முறை நானும் தாளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். பெரிய பெரிய ஆபீசர்கள் நடுவில் குரலை உயர்த்தாமல் அவர் பேசியதைக் கேட்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் 'ஆண்டுதோறும், உரிய ஒப்புதல் பெற்று' என்று ஒரு வாலைச் சேர்த்து விட்டார்கள். வருஷா வருஷம் அந்த ஒப்புதல் வந்தால்தான் லாரி நகரும். மேடத்துக்கு அந்த வால் பிடிக்கவில்லை. அதற்கு மேல் அவராலும் முடியவில்லை.

முதல் லாரி புன்னைத்துறைக்கு வந்த அன்று டிரைவர் பக்கத்தில் சந்தியாகு உட்கார்ந்திருந்தார், மடியில் தாம்பாளம். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, ஒரு சேலை. அந்தோணியம்மாள் வாசலில் நின்று வாங்கிக்கொண்ட பிறகுதான் மணலைத் தட்டினார்கள். எங்கள் வேலை ஒப்பந்தத்தில் அப்படி ஒரு இனம் கிடையாது. மேடம் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷத்து வாடை ஓய்ந்ததும் போனோம். ஊருக்கு வெளியே ஜீப்பை நிறுத்தச் சொன்னவர் இறங்கவில்லை. "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க சார்" என்றார். குரல் சரியில்லை. வழிமறித்த கூட்டத்தின் முன் ஒரு மணி நேரம் நின்ற மனுஷி, அன்றைக்குப் பயந்து ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தார். நான் ஓடினேன். போட்ட மணலில் பாதிக்கு மேல் போயிருந்தது. அடுத்த சோழகத்தில் அது வடக்கே நகர்ந்து அடுத்த ஊர்க் கரையில் சேர்ந்ததைப் பிறகு அளந்து பார்த்தோம். அந்தோணியம்மாள் வீடு நின்றது. அடுப்படிச் சுவரில் ஈரம்கூட இல்லை. உள்ளே பேரப்பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் திரும்பி ஓடி வந்த வேகத்தைப் பார்த்தே மேடத்துக்குப் புரிந்துவிட்டது. இறங்கி முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு சில வருஷம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மேடத்துக்குப் பதவி உயர்வு வந்து வேறு மண்டலத்துக்குப் போனார். நான் ஓய்வுபெறுவதற்கு முந்தின வருஷம், அந்த வால் எங்களைப் பிடித்துக்கொண்டது. ஒப்புதல் வரவில்லை. ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. தினமும் போன் செய்வேன். கோப்பு மேசையில் இருக்கிறது என்பார்கள். எந்த மேசை என்றால் பதில் வராது. ஐப்பசி பிறந்துவிட்டது. அலுவலக ஜன்னலில் நின்று கிழக்கே மேகம் கூடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்த வீட்டில் இப்போது இரண்டு பேரப்பிள்ளைகள். கடைசியில் சொல்லாமல் இருப்பது பாவம் என்று அந்தோணியம்மாளுக்கே போன் செய்தேன்.

"ஆத்தா, தவமணி பேசுறேன். இந்த வருசம் உத்தரவு இன்னும் வரல. என்னால ஒண்ணும் செய்ய முடியல. நீங்க புள்ளைகளக் கூட்டிக்கிட்டு கொஞ்ச நாளைக்கு…"

"என்ன உத்தரவு ராசா?" என்றார் அவர். "சீரு வந்து நாலு நாளாச்சே."

எந்தச் சீர் என்று கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. சிப்பிவலசைக்காரர்கள் லாரிக்குக் காத்திருக்கவில்லை. இருக்கிற டிராக்டரை எல்லாம் திரட்டி, ஒரு வாரம் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, ஆணும் பெண்ணுமாக அள்ளியிருக்கிறார்கள். முழங்கால் தேய்ந்து நடக்க முடியாத சந்தியாகு முதல் டிராக்டரில் மணல்மேல் உட்கார்ந்து வந்தாராம், மடியில் தாம்பாளத்தோடு. இது விதிப்படி சரியா என்று புதிய பிள்ளைகள் யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

"சரியாத்தான் போட்டுருக்கான்னு ஒங்க படத்த எடுத்தாந்து பாத்துட்டுப் போங்க" என்றார் அந்தோணியம்மாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். அளவுக்கல்லிலிருந்து டேப் பிடித்தேன். நம்ப முடியாமல் இன்னொரு தடவை பிடித்தேன். திட்டத்தில் நாங்கள் போட்டிருந்த கோட்டைத் தாண்டி மணல் நின்றது. அங்கேயே கரையில் நின்றுகொண்டு மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.



"அளந்தீங்களா சார்?" என்றார்.

"ரெண்டு தடவ அளந்தேன் மேடம். நம்ம கோட்டுக்கு மேல ஒரு அடி கூட இருக்கு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அந்த ஒரு அடியையும் பிளான்ல ஏத்திருங்க சார்" என்றார்.

ஏற்றிவிட்டுத்தான் ஓய்வுபெற்றேன்.